கிளி இல்லாத சோலைக்கிளி

ஏப்ரல் மாதம், கொடைக்கானலில் ஒரு சோலையோரம். விடிந்தும் விடியாத நேரம். வழிகாட்டியாக நான் கூட்டிப்போயிருந்த நாலு பேரில் ஒருவர் கைபேசியை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்த பறவைப் பாட்டை ஓடவிட்டார். நான் நிறுத்தச் சொல்வதற்குள் புதரடியிலிருந்து சோலைக்கிளி வெளியே வந்துவிட்டது. கருநீல உடல், வெள்ளை வயிறு, அலகில் ஒரு புழு. குஞ்சுக்குக் கொண்டுபோன இரை. பாட்டைக் கேட்டு வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று, இல்லாத எதிரியைத் தேடி அது அங்கேயே கால் மணி நேரம் தாவிக்கொண்டிருந்தது, புழுவும் அலகிலேயே இருந்தது. அவருக்கு நல்ல படம் கிடைத்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர் ஓடவிட்டது நீலகிரிச் சோலைக்கிளியின் பாட்டு. எங்கள் பழனி மலையில் அந்த இனமே கிடையாது.

ஆங்கிலத்திலும் இப்போது இதற்கு 'ஷோலக்கிளி' என்றே பெயர். கேட்டவுடன் நம் ஆட்கள் பச்சைக்கிளியைத் தேடுகிறார்கள். மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான். அந்த வழக்கில் வைத்த பெயர் இது. சிட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீண்ட கால்களோடு தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும் பாடும் பறவை. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது.

நீலகிரியில் இருப்பதைப் பறவை ஆய்வாளர் ஜெர்டன் 1840களில் விவரித்தார். பழனி மலையில் இருப்பதை 1868-ல் இயற்கை ஆய்வாளர் பிளான்ஃபோர்டு எழுதினார். பிறகு வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாக்கி, இமயமலைப் பக்கத்துக் குட்டைச்சிறகுப் பறவைகளோடு சேர்த்துவிட்டார்கள். தோற்றம் ஏமாற்றியது. 2005 வாக்கில் மறுபடி இரண்டு இனமாகப் பிரித்தார்கள். 2017-ல் பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவை அந்தக் கூட்டமே இல்லை என்று தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தனியாகக் கிளைத்த வம்சம் இது. அதற்கு வைத்த பேரினப் பெயர் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கான பெயர்) 'ஷோலிகோலா', அதாவது சோலைவாசி. அகத்தியமலைப் பக்கத்துப் பறவைகளையும் அதே ஆய்வு தனி இனமாகச் சொன்னது. எல்லாப் பறவைப் பட்டியல்களும் அதை ஏற்கவில்லை.

பெயர் மாறினால் பறவைக்கு என்ன என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரே இனம் என்றால், ஓரிடத்தில் அழிந்தாலும் வேறிடத்தில் இருக்கிறது என்று கணக்கை முடித்துவிடலாம். தனி இனம் என்றால் அப்படி முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலிருந்து கர்நாடக மலைகள் வரை இருப்பது விலாப் பக்கம் செம்பழுப்பான நீலகிரி இனம். தெற்கே ஆனைமலை, பழனி, மேகமலைப் பக்கம் இருப்பது வெள்ளை வயிற்று இனம். கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். பருந்துக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேல், புதரடி இருட்டிலேயே வாழும் இந்தக் குருவிக்கோ அது கடல். காலங்காலமாகக் கலக்காமல் இருந்ததில் பாட்டும் மாறிப்போயிற்று. இன்று ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் நீலகிரி இனம் அழியும் நிலையில் உள்ளதாகவும், வெள்ளை வயிற்று இனம் அதைவிட ஒரு படி குறைந்த ஆபத்தில் இருப்பதாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

சோலை என்றால் வெறும் மரக்கூட்டம் இல்லை. மலை மடிப்பில் ஓடைக்கரையோரம் குட்டையாக நெருங்கி வளர்ந்த காடு, அதைச் சுற்றிப் புல்வெளி. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் அந்தப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாட்டில் (நீலகிரியில் சீகை என்பார்கள்), தைலமரம், பைன், விவசாயம் என்று இடம் மாறிவிட்டது. சோலையும் சுருங்கியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். பைன் மரத்தடியில் நடந்து பாருங்கள்: காய்ந்த ஊசியிலை மெத்தை, ஒரு சத்தமும் இருக்காது.

என் வேலையில் அடிக்கடி வரும் தலைவலி வேறு. பங்களாவை ஒட்டிச் சோலைத் துண்டு வைத்திருப்பவர்கள் 'அடியில் மண்டிக் கிடக்கிறது, சுத்தம் பண்ணிவிடலாமா' என்று கேட்பார்கள். பாம்பு பயம். மரத்தை விட்டுவிட்டுக் குறிஞ்சிப் புதர், பெரணி, சருகு எல்லாவற்றையும் வாரிவிட்டால், ஒரு மரமும் வெட்டாமலே இந்தப் பறவையின் வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்று பொருள். அது இரை தேடுவது சருகில், ஒளிவது புதரில், கூடு வைப்பது மண்சரிவின் பொந்திலும் தாழ்வான மரப்பொந்திலும். நடக்கிற பாதையில் மட்டும் இரண்டடி வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விடிகாலையிலோ பொழுது சாயும்போதோ சோலை விளிம்பில் பேசாமல் உட்காருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கூடு கண்ணில் பட்டால் இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். இருப்பிடக் குறி தாங்கிய படம் இரண்டு நாளில் எத்தனை வண்டிகளைக் கூட்டிவரும் என்று பார்த்திருக்கிறேன். பதிவுப் பாட்டு ஓடவிடுபவர்களை இப்போதெல்லாம் நான் கூட்டிப்போவதில்லை. கிளம்பும்போதே சொல்லிவிடுகிறேன், கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.