துரு ஒரு பேட்டரி: பழைய பிக்கப்பின் இரும்பை மின்சாரத்தால் மீட்பது

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா காலத்து மகேந்திரா பிக்கப் கொட்டகையில் நிற்கிறது. தொண்டிக் கடைக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்த வண்டி. அப்பச்சியும் நானும் பிள்ளைகளுமாக வீட்டிலேயே சரிபண்ணப் போகிறோம். பேட்டரி சார்ஜரை வைத்துத் துருவை எடுக்கலாம் என்கிறார்களே, நிஜமா?"

நிஜம்தான். எந்தப் பாகத்துக்குச் செய்யலாம், எதற்குச் செய்யவே கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது புரிய, துரு எப்படிப் பிடிக்கிறது என்பதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் இரும்பு எந்த இடத்தில் கரைகிறது, துரு எந்த இடத்தில் படிகிறது என்று பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டும் வெவ்வேறு இடங்கள். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரே ஒரு உப்புத்தண்ணீர்ச் சொட்டில் காட்டினார். பள்ளி ஆய்வகத்தில் பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கிடைத்தால் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். இரண்டையும் துளித் துளி உப்புத்தண்ணீரில் கலந்து, நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். முதலில் அங்கங்கே நீலமும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் தோன்றும். பிறகு அவை இடம் பிரிந்துகொள்ளும்: நடுவில் நீலம், விளிம்பில் இளஞ்சிவப்பு வளையம்.

சொட்டின் விளிம்பு மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே ஓயாமல் வந்து சேரும். நடுப்பகுதி தடித்தது, இருந்த ஆக்சிஜன் தீர்ந்தால் புதிதாக வந்துசேர நேரமாகும். விளிம்பிலுள்ள ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரான் வேண்டும். அதை நடுவிலிருக்கும் இரும்பு கொடுக்கிறது. கொடுத்த அணு அயனியாகித் தண்ணீரில் இறங்குகிறது. நீல நிறம் அந்த அயனியின் அடையாளம். எலெக்ட்ரான்கள் தகட்டுக்குள்ளேயே விளிம்புக்கு ஓடி, ஆக்சிஜனையும் தண்ணீரையும் காரமாக மாற்றுகின்றன. இளஞ்சிவப்பு அந்தக் காரத்துக்கு. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனியும் விளிம்பிலிருந்து வரும் காரமும் சந்திக்கும் இடத்தில்தான் பழுப்பு வளையம் படிகிறது. ஒரு சொட்டுக்குள் நேர்முனை, எதிர்முனை, மின்னோட்டம் எல்லாம் உண்டு. ஒரே தகட்டின் இரண்டு இடங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் வேறுபட்டதால் மட்டுமே ஒரு பேட்டரி உருவாகிவிட்டது. வேதியியலில் இதைவிட அழகான பரிசோதனை அதிகம் இல்லை என்பது என் கட்சி.

இதிலிருந்து வண்டிக்கு ஒரு விதி கிடைக்கிறது: ஆக்சிஜன் குறைவாகப் போகும் இடத்தில்தான் இரும்பு அழியும். பானெட்டின் மேல் பரவலாகத் தெரியும் துரு பெரும்பாலும் மேலோட்டம். ஓட்டை விழுவது மறைவில்: கேபின் தரையில் ரப்பர் மேட்டுக்கு அடியில், கதவின் அடி மடிப்பில், பின்பெட்டியில் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில், கேபினைச் சேஸிஸில் தாங்கும் ரப்பருக்குக் கீழே. துரு இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு நடுவே தகடு உப்பியிருந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள்; உள்ளே போனால் அது தகடு இல்லை. காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ எப்போதோ பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. துருவின் மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பது, எவன்ஸின் சொட்டை நாமே செய்து மூடிவைப்பதுதான். பட்டி ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனைத் தாமதப்படுத்தும். ஒரு மழைக்காலம் தாண்டினால் குமிழ் விடும்.

இன்னொரு விஷமம், துருவே துருவை வளர்க்கும். இதையும் 1965-ல் எவன்ஸ் விளக்கினார். பனி இறங்கி நனைந்திருக்கும்போது பழுப்புத் துரு அடியிலுள்ள இரும்பிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கிக் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. வெயிலில் காய்கையில் காற்று அதைத் திரும்பப் பழுப்பாக்குகிறது. மறுநாள் மறுபடி. மண்தரைக் கொட்டகையில் வண்டி கெடுவதும் இப்படித்தான்: தரையிலிருந்து எழும் ஈரம் இரவில் சேஸிஸின் அடியில் படிகிறது, பகலில் காய்கிறது. தொண்டிக் காற்றின் உப்பு துருவுக்குள் ஏறியிருந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துவைக்கும்.

துரு எலெக்ட்ரானுக்கு அலைகிறது. இரும்பு கொடுத்துத் தொலைக்கிறது. சார்ஜர் செய்வதெல்லாம் அந்த எலெக்ட்ரானை வெளியிலிருந்து கொடுப்பதுதான். இரும்பு கரைவது நிற்கும். இரும்பை ஒட்டியுள்ள பழுப்புத் துரு மேக்னடைட்டாகிச் சுருங்கிப் பிடிப்பை விடும். தண்ணீர் பிளந்து வரும் ஹைட்ரஜன் குமிழிகள் அடியிலிருந்து அதை நெம்பித் தள்ளும். உப்பின் குளோரைடு அயனிகள் நேர்முனையை நோக்கி வெளியே நகரும். கடலுக்கடியில் கிடைத்த பீரங்கிகளை அருங்காட்சியகங்கள் காப்பாற்றுவதும் இதே வழியில்தான். கரைந்துபோன இரும்பு மட்டும் திரும்பி வராது. ஓட்டை ஓட்டைதான், அதற்கு டிங்கர்தான் வேண்டும்.

இனி செய்முறை. பாகத்தின் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய் இருந்தால் மின்சாரம் புகாது. தொட்டிக்கு நீலப் பிளாஸ்டிக் டிரம் போதும். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை இறக்க ஆசை வரும், வேண்டாம். உள்ளே ஒரு கம்பி உரசினால் ஷார்ட் ஆகும், அண்டாவும் பாழ். 100 லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 கிலோ சலவை சோடா. வளவில் பிடித்த மழைத்தண்ணீர் உத்தமம். கடினநீரில் சோடாவின் ஒரு பங்கு சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். சமையல் உப்பைப் போடவே போடாதீர்கள்: நேர்முனையில் குளோரின் வரும், நாம் வெளியேற்ற நினைக்கும் குளோரைடையே உள்ளே ஏற்றுவதும் ஆகும்.

நேர்முனைக்குக் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகள், 10 அல்லது 12 மில்லிமீட்டர், நான்கைந்தை டிரம்மின் ஓரமாகச் சுற்றி நிறுத்தி, தண்ணீருக்கு மேலே செம்புக் கம்பியால் இணையுங்கள். எவர்சில்வர் கரண்டி, தட்டு எதுவும் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து ஆறிணைதிற குரோமியமாகும். அது புற்றுநோய் தரும் நஞ்சு. பாகத்தை நடுவில், கம்பிகளிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். சிவப்புக் கிளிப் கம்பிக்கு, கறுப்புக் கிளிப் பாகத்துக்கு. மாற்றி மாட்டினால் பாகமே கரையும். கறுப்புக் கிளிப் பிடிக்கும் இடத்தில் பளபளவென்று தேய்த்திருக்க வேண்டும்.

சார்ஜர் 12 வோல்ட், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. புதிய ஆட்டோமேட்டிக் சார்ஜர் எதிரே பேட்டரி இல்லை என்று கண்டு மின்சாரத்தைத் திறக்காது. கதவுக் கீல், பிராக்கெட் மாதிரிச் சிறு பாகத்துக்கு 1, 2 ஆம்பியர், பம்பருக்கு 5. பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகும். அம்மீட்டர் அசையவில்லையென்றால் கிளிப் சரியாகத் தொடவில்லை. எகிறினால் கம்பி பாகத்தைத் தொடுகிறது. சில மணி நேரத்தில் மெல்லக் குறைந்தால் கம்பிகளில் பழுப்புக் கூழ் ஏறிவிட்டது, எடுத்துச் சுரண்டுங்கள். கம்பியை நேராகப் பார்க்கும் பக்கம் சீக்கிரம் சுத்தமாகும், மறைந்த பக்கம் அப்படியே இருக்கும். பாகத்தைத் திருப்பிவைக்க வேண்டியதுதான்.

5 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 18,000 கூலும் மின்னூட்டம். ஃபாரடே கணக்குப்படி அதிகபட்சம் சுமார் 2.3 லிட்டர் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடிய வாயு அது. திறந்த முற்றத்தில் மேலே போய்விடும். கதவடைத்த அறையில் ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ஆபத்து. கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்றும்போது எழும் ஒரு பொறி போதும். பெட்ரோல் டேங்கை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஹைட்ரஜன் இன்னொரு வகையிலும் வம்பு. ஜோடி சேர்ந்து குமிழியாகும் முன் தனி அணுவாக இருக்கும் கணத்தில் அது இரும்பின் படிக அடுக்குக்குள் நுழைந்துவிடும். மிருதுவான இரும்புக்கு அதனால் கெடுதல் இல்லை. கடினமாக்கிய எஃகு எச்சரிக்கையே இல்லாமல் உடையும். லீஃப் ஸ்பிரிங், யூ-போல்ட், ஸ்டியரிங் பாகங்கள், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த போல்ட் எதுவும் டிரம்முக்குள் போகக் கூடாது. ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள். அலுமினியமும் துத்தநாகமும் காரத்தில் அரிபடும். கார்புரேட்டர், கால்வனைஸ் பூசியவை இரண்டும் வெளியே. கேபினும் பின்பெட்டியும் டிரம்மில் அடங்காது, அங்கே கைவேலைதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஆயுத பூஜைக்கும் புது வண்டிக்கும் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, அதிலுள்ள சிட்ரிக் அமிலம் துருவைக் கரைக்கும் என்பது மட்டும் சோதித்த உண்மை. சின்ன நட்டுகளை லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அலசி எடுக்கலாம். அந்தப் பழத்துக்கு டயரைவிடப் பக்கெட்டில் வேலை அதிகம்.

இந்த மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிறுவனம். முழுப் பெயர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்; ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிபடுகிறது என்று பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஆய்வு நிலையம் உண்டு. அரிமானத்தால் உலகப் பொருளாதாரம் ஆண்டுக்கு 3.4 சதவீதத்தை இழக்கிறது என்று 2013-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஒரு சர்வதேச மதிப்பீடு சொன்னது. ராக்கெட் ஏறினால் தலைப்புச் செய்தி; பாலம் துருப்பிடிக்காமல் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிதி ஒதுக்குகிறவர்களும் செய்தித்தாள் படிக்கிறவர்கள்தானே.

டிரம்மிலிருந்து எடுத்த பாகம் கறுப்புப் பூச்சோடு வரும். தேய்ப்பு நாரும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிற இரும்பு தெரியும். இப்போது அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஈரமாக விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் படரும். கொதிநீர் ஊற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி அல்லது துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர் அடித்துவிடுங்கள். மழைநாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருந்தால் குத்தித் திறந்து, உட்புறம் மெழுகு எண்ணெய் தெளியுங்கள்.

டிரம் தண்ணீரிலுள்ள சோடா தீர்ந்துபோவதில்லை. ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அடுத்த பாகத்துக்கும் உதவும். வேலை முடிந்ததும் வண்டலைத் தெளியவைத்து வடித்து, கூழைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். பெயிண்ட் உரிந்து கலந்த கூழ் என்றால் தனியாகக் கட்டிவையுங்கள். காரத் தண்ணீரை ஊருணிப் பக்கம் ஓடவிட வேண்டாம்.