ஸ்மர்ஃபெட் பிரின்சிபில்: தமிழில் ஒருத்தி வாய்பாடு

கதையில் பத்துப் பதினைந்து ஆண்கள். ஒருவன் அறிவாளி, ஒருவன் சோம்பேறி, ஒருவன் முசுடு, இன்னொருவன் பலசாலி. நடுவே ஒரே ஒரு பெண். அவள் குணம் என்னவென்று கேட்டால், பெண்ணாக இருப்பதுதான் குணம். காமிக்ஸிலும் கார்ட்டூனிலும் அலுக்காமல் திரும்பி வரும் இந்த அமைப்புக்கு ஸ்மர்ஃபெட் பிரின்சிபில் என்று பெயர். ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களின் கதையில் வரும் பெண்தான் ஸ்மர்ஃபெட். அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட் 1991 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர். கூட்டத்தையும் கதையையும் பையன்கள் தீர்மானிக்கிறார்கள், பெண்பிள்ளைக்கு அவர்களை ஒட்டித்தான் இருப்பு என்பது அவர் வாதம்.

மொரீசியஸில் நமக்கு ஸ்மர்ஃபெட்டைவிட அவளுடைய பிரெஞ்சுப் பெயரான ஷ்ட்ரூம்ஃபெத் நெருக்கம், பிரெஞ்சுப் ‘பேதே’, அதாவது படக்கதை, படித்து வளர்ந்தவர்கள் அல்லவா! மூலச்சொல் ஷ்ட்ரூம்ஃப். பெல்ஜிய ஓவியர் பெயோ 1957இல் நண்பர் ஃபிராங்கேனுடன் சாப்பிட உட்கார்ந்தபோது, உப்பு என்ற சொல் வாயில் வராமல் “அந்த ஷ்ட்ரூம்ஃபை எடு” என்றாராம். மறு ஆண்டு அவர் வரைந்த நீலக் குள்ளர்களுக்கு அதுவே பெயராயிற்று. டச்சு மொழிபெயர்ப்பில் அது ஸ்மர்ஃப் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் தீவுக்குப் பெயர் வைத்தவர்களும் டச்சுக்காரர்கள்தான், போகட்டும்.

கவனிக்க வேண்டியது கடைசியில் ஒட்டிய ‘எத்’. பிரெஞ்சில் அது பெண்பாலையும் காட்டும், சிறுமையையும் காட்டும். மேஸோன் என்றால் வீடு, மேஸோனெத் என்றால் சின்ன வீடு. ஆக, ஷ்ட்ரூம்ஃப் என்றால் முழு ஆள், ஷ்ட்ரூம்ஃபெத் என்றால் அந்த ஆளின் குட்டிப் பெண்பதிப்பு. நாம் வீட்டில் பேசும் கிரியோலில் இந்தத் தொல்லையே இல்லை. அவனும் ‘லி’, அவளும் ‘லி’.

ஷ்ட்ரூம்ஃபெத் பிறந்த கதை 1966இல் வந்தது. குள்ளர்களைப் பழிவாங்க மந்திரவாதி கார்கமெல் அவளைச் செய்து அனுப்புகிறான். செய்முறையில் முதலைக் கண்ணீர், பறவை மூளை, விரியன் நாக்குப் பொடி எல்லாம் சேர்கின்றன. முதலில் அவளுக்குக் கறுப்பு முடி, யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. பிறகு பெரியவர் ஷ்ட்ரூம்ஃப் அழகு அறுவை செய்கிறார். பொன்னிற நீள முடியோடு வெளியே வருகிறாள், ஊரே மயங்கிவிடுகிறது. கறுப்பு முடி குறை, பொன்முடி நிறைவு! கார்குழல் என்று கூந்தலைப் பாடிய மொழியைப் பள்ளியில் படித்துவிட்டு, மாலையில் இதையும் படிக்கிறாள் நம் ரோஸ்ஹில் ஊர்ப் பெண்பிள்ளை. குள்ளர்கள் எல்லோருக்கும் ஒரே உடல், கண்ணாடியோ பச்சைகுத்தலோதான் வித்தியாசம். இமைமயிர், குதிகால் உயர்ந்த செருப்பு, கவுன் என்று உருவத்தாலேயே வேறுபடுத்தி வரையப்பட்டவள் அவள் மட்டும். எனக்கு உறுத்துவது, அவள் ஒரே பெண்ணாக இருப்பதைவிட, இதுதான்.

இது பெயோ ஒருவரின் வேலை அல்ல. இன்னொரு பெல்ஜியப் படக்கதையான டின்டினில் அடிக்கடி தலைகாட்டும் ஒரே பெண், பாடகி காஸ்டாஃபியோரே. மயங்க வைப்பதற்குப் பதில் சிரிக்க வைக்கிறார், அவ்வளவுதான். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். சிறுவர் வெளியீடுகளைக் கண்காணிக்க பிரான்ஸ் 1949 ஜூலை 16இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெண்ணை எப்படி வரைந்தாலும் வம்பு வரலாம் என்று, பிரெஞ்சுச் சந்தையை நம்பியிருந்த பெல்ஜியப் பதிப்பாளர்கள் பெண்களையே ஒதுக்கினார்கள். ஆபாசத்தைத் தடுக்கப் போய் ஆளையே காணாமல் அடித்த கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஸ்மர்ஃபெட் கோட்பாடு’ என்றால் அந்தக் கார்ட்டூனைப் பார்க்காதவருக்குப் புரியாது. ‘ஒற்றைப் பெண்’ புரியும், ஆனால் தனியாக வாழும் பெண் என்றும் பொருள்படும். தமிழில் ‘ஒருத்தி’ தயாராக இருக்கிறது. எண்ணும் பாலும் ஒரே சொல்லில் அடக்கம். ஒருவனிலிருந்து வெட்டி எடுத்த சொல்லும் அல்ல. ஒருவன், ஒருத்தி இரண்டுக்கும் வேர் ‘ஒரு’தான்; இங்கே ‘எத்’தின் சிறுமை இல்லை.

பிரின்சிபிலுக்குக் கொள்கை சரிவராது, ஏனென்றால் இதை யாரும் கொள்கையாக அறிவித்துச் செய்யவில்லை. ‘ஒருத்தி விதி’ என்றால் டிவி சீரியல் தலைப்பு போல, யாரோ ஒருத்தியின் தலையெழுத்தாகிவிடும். யோசிக்காமல் ஒப்பிப்பது வாய்பாடு. கதைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே ‘ஒருத்தி வாய்பாடு’. அதன்படி எழுதிய கதை ‘ஒருத்திக் கதை’.

பெண் குறைவாக இருக்கும் எல்லாக் கதைக்கும் இதைப் போடக்கூடாது. பிரெஞ்சுப் படக்கதையான ஆஸ்டெரிக்ஸின் கிராமத்தில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அங்கே கிழவர் அஜகனோனிக்ஸின் இளம் மனைவிக்கு இன்றுவரை சொந்தப் பெயர் கிடையாது. அது வேறு நோய், அதற்கு வேறு சொல் வேண்டும்.