நின்றுபோன குறிப்புச் செயலியிலிருந்து உங்கள் குறிப்புகளை மீட்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, எங்கள் சர்வீஸ் கடைக்குப் பழைய கணினிகள் வரிசையாக வருகின்றன. "போட்டோ, வேர்டு ஃபைல் எல்லாம் பென்டிரைவில் எடுத்துட்டேன் சார், ஃபார்மேட் போட்டுடுங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். "குறிப்பு எதிலாவது எழுதி வைப்பீங்களா?" என்று கேட்ட பிறகுதான் பலருக்கு நினைவு வரும். "ஆமா சார், அந்த மஞ்சள் சீட்டுல நிறைய இருக்கு."

அந்த மஞ்சள் சீட்டு ஸ்டிக்கி நோட்ஸ். கேஸ் எண், சீட்டுக் கட்டிய தேதி, மருந்துக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி, மகளின் கல்லூரிப் பதிவு எண் என்று வேறெங்கும் இல்லாத விஷயமெல்லாம் அதில்தான் கிடக்கும். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பையும் மட்டும் காப்பி எடுத்தால் அதில் ஒரு வரிகூட வராது. விண்டோஸ் 7-ல் அது ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ஒற்றைக் கோப்பாக இருந்தது. விண்டோஸ் 10-ல் பிளம் என்ற பெயருள்ள தரவுத்தளமாக மாறியது. அந்தத் தரவுத்தளத்தை எடுப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிளம் என்று தொடங்கும் கோப்புகள் பெரும்பாலும் மூன்று இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பெயரோடு '-wal' என்று முடியும் துணைக் கோப்பை விட்டுவிடுவார்கள். கடைசியாக எழுதியவை பல சமயம் அந்தத் துணைக் கோப்பில்தான் இருக்கும். ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால், ஒவ்வொரு சீட்டையும் திறந்து, உள்ளதைக் காப்பி செய்து ஒரு சாதாரண நோட்பேட் கோப்பில் ஒட்டி வைத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ஒன்றும் தொலையாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேர்டு, எக்ஸெல் கோப்பு என்றால் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், வேறு மென்பொருளிலும் திறக்கலாம். குறிப்புச் செயலியில் எழுதியது அந்தச் செயலிக்குள்ளேயே குடியிருக்கிறது. செயலி நின்றுபோனால் எழுதியதை எடுக்கும் வழியும் அடைபடத் தொடங்கிவிடும்.

செயலிகள் நின்றுபோவது அபூர்வமும் இல்லை. கூகுள் நோட்புக் 2006-ல் வந்தது, 2009-ல் அதன் மேம்பாடு நின்றது, 2012-ல் மூடப்பட்டது. கேட்ச் நோட்ஸ் 2013-லும் ஸ்பிரிங்பேட் 2014-லும் மூடின. வேலைப் பட்டியல் செயலியான வுண்டர்லிஸ்ட்டை 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாதம் நிறுத்தியது. கையெழுத்துக் குறிப்புக்காக விண்டோஸ் 7-லேயே இருந்த ஜர்னலை, பாதுகாப்புக் குறைபாடுகளைக் காரணம் காட்டி 2016-ல் மைக்ரோசாஃப்ட் நீக்கியது. மின்னஞ்சலும் குறிப்பும் சேர்ந்த ஸ்கிஃப் 2024-ல் நோஷன் என்ற குறிப்புச் செயலி நிறுவனத்தின் கைக்குப் போனது, சில மாதங்களிலேயே மூடப்பட்டது. பெரிய நிறுவனம், சின்ன நிறுவனம், இலவசம், கட்டணம் எதுவும் இதில் காப்பாற்றவில்லை.

முழுதாக மூடாமல் கதவை ஒருக்களித்து வைப்பதும் உண்டு. எவர்நோட் 2023 டிசம்பர் முதல் இலவசக் கணக்கை 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று சுருக்கியது. அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் பழையதைப் படிக்கலாம், வெளியே எடுக்கலாம், புதிதாக எழுதத்தான் முடியாது. 'விண்டோஸ் 10-க்கான ஒன்நோட்' என்ற தனிச் செயலியும், விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்ற அதே அக்டோபர் 14-ஆம் தேதி, படிக்க மட்டுமே உதவும் செயலியாகிவிட்டது. அதில் எழுதியது ஒன்டிரைவுடன் சிங்க் ஆகியிருந்தால் கவலையில்லை. வழக்கமான ஒன்நோட்டை நிறுவி அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் வந்து நிற்கும். சிங்க் ஆகாமல் அந்தக் கணினியிலேயே தேங்கியிருப்பதுதான் ஆபத்து. ஃபார்மேட் போடும் முன் வேறு கணினியிலோ போனிலோ அதே கணக்கைத் திறந்து, போன வாரம் எழுதிய குறிப்பு ஒன்று அங்கே தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, எதற்கு மாறுவது? "இப்ப எது சார் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு இதுவும் நின்றுபோனால் உங்கள் குறிப்புகளை மொத்தமாக எடுத்து வேறு இடத்தில் திறக்க முடியுமா? கலர், டெம்ப்ளேட், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அதற்கு அப்புறம்தான். எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறதா, அது எந்த வடிவில் தருகிறது, அந்த வடிவை வேறு யாராவது படிக்கிறார்களா என்பதை முதல் நாளே, நாலு குறிப்பு எழுதி, சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் தருவது அப்சிடியன். அதில் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலுள்ள ஒரு ஃபோல்டரில் மார்க்டவுன் கோப்பாக இருக்கும். மார்க்டவுன் என்றால் சாதாரண எழுத்துக் கோப்புதான், தலைப்புக்கும் தடித்த எழுத்துக்கும் சில குறிகள் சேர்த்தது. அப்சிடியன் நாளையே மறைந்தாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எவர்நோட், ஒன்நோட், கூகுள் கீப், ஆப்பிள் நோட்ஸ் ஆகியவற்றிலிருந்து குறிப்புகளைக் கொண்டுவர அதற்கென ஒரு துணைநிரலும் இருக்கிறது. ஜோப்லின் திறந்த மூல மென்பொருள். எவர்நோட் ஏற்றுமதி செய்து தரும் எனெக்ஸ் (.enex) கோப்பை அது நேராகப் படிக்கும், வேண்டும்போது மார்க்டவுனாகத் திருப்பியும் தரும், டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் வழியாகப் போனோடு சிங்க் ஆகும். வீட்டுக்கு, சின்ன அலுவலகத்துக்கு நான் அதிகம் நிறுவித் தருவது ஜோப்லின்தான்.

கணினி அவ்வளவு பழக்கமில்லாதவர்களுக்கு இவை இரண்டும் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும். அவர்களுக்குச் சென்னை நிறுவனமான ஸோஹோவின் நோட்புக் எளிது. எவர்நோட்டிலிருந்து கொண்டுவரும் வழியும் அதில் உண்டு. போனிலேயே எல்லாம் முடிப்பவர்களுக்கு கூகுள் கீப் போதும். ஆனால் அதை மொத்தமாக எடுக்க டேக்அவுட் என்ற தனிச் சேவைக்குப் போக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் எடுத்து வைத்தால் நல்லது.

எவர்நோட்டிலிருந்து எடுக்கும்போது கணினிச் செயலியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நோட்புக்கையும் தனித்தனி எனெக்ஸ் கோப்பாக எடுத்து, நோட்புக்கின் பெயரையே கோப்புக்கும் வையுங்கள். இணைப்புப் படங்கள், எழுதிய தேதி, டேக் எல்லாம் கோப்புக்குள்ளேயே வரும். நோட்புக்குகளை அடுக்கி வைத்த ஸ்டேக் ஏற்பாடு வராது, அதைப் புதிய இடத்தில் நீங்களேதான் அமைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம்மைத் தவிர வேறு யாரும் இதைப் பற்றி எழுதப்போவதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

ஒரு சித்த மருத்துவர் வந்திருந்தார். நிறுவனமே இப்போது இல்லாத ஒரு பழைய குறிப்பு மென்பொருளில், பல வருட நோயாளிக் குறிப்புகளை வைத்திருந்தார். தமிழ்ப் பகுதி முழுவதும் பாமினி எழுத்துருவில், நடுநடுவே பரிசோதனைப் பெயர்களும் அலோபதி மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில். அவருடைய பையன் ஏற்கெனவே எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துப் புதுச் செயலியில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். "எல்லாம் போச்சு தம்பி, ஒரே இங்கிலீஷ் கிறுக்கலா இருக்கு" என்றார் பெரியவர்.

"ஒண்ணும் போகலை ஐயா. பழைய கணினி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் கிறுக்கல்தான் மிஞ்சும். இதை, எல்லாக் கணினிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியேற்றமான யுனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் நெடுநாள் புழக்கத்தில் உள்ளது. ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. பையன் சேமித்த கோப்பை அப்படியே கொடுத்தால் பாராசிட்டமாலும் தமிழ் எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். மருந்துப் பெயர் விஷயத்தில் அது விளையாட்டில்லை.

பழைய மென்பொருளில் ஆர்டிஎஃப் வடிவில் சேமிக்கும் வசதி இருந்தது. அந்த வடிவில் ஒவ்வொரு சொல்லும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவலும் கூடவே வரும். வேர்டில் திறந்து, தேடும் கட்டத்தில் சொல் எதுவும் கொடுக்காமல் எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுத்தால், தமிழ்ப் பகுதிகள் மட்டும் தேர்வாகும். அவற்றை மட்டும் மாற்றினோம், ஆங்கிலம் அப்படியே நின்றது. எனவே வரிசை முக்கியம். முதலில் யுனிகோடாக்குங்கள், அதன் பிறகு வெறும் எழுத்துக் கோப்பாகவோ மார்க்டவுனாகவோ மாற்றுங்கள். எழுத்துருத் தகவலை இழந்த பிறகு இரண்டையும் பிரிப்பது வரி வரியாகக் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

டிஸ்கி, டாப், டாம், பாமினி, வானவில் ஒவ்வொன்றும் வேறு வேறு குறியேற்றம். எதில் எழுதியது என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு வரியை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஸ்ரீ, க்ஷ, ஔகார எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்றும் அவசியம். பழைய எழுத்துருக்களில் பலர் 'ர்' அடிக்க ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். திரையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிய பிறகு 'மாா்ச்' என்றோ 'அவா்' என்றோ நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 'அவர்' என்று தேடினால் அந்தக் குறிப்பு அகப்படாது. தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரும் இடமே கிடையாது. அதனால் தயங்காமல் 'ா்' வரும் இடத்திலெல்லாம் 'ர்' என்று மொத்தமாக மாற்றிவிடலாம். அந்த மருத்துவரின் கோப்பில் இதைச் செய்த பிறகுதான் நோயாளிகளின் பெயர்கள் தேடலில் வரத் தொடங்கின.

இணையத்தில் ஒட்டினால் உடனே மாற்றித் தரும் தளங்களும் உண்டு. சமையல் குறிப்புக்கு அவை சரி. நோயாளி விவரம், கட்சிக்காரரின் வழக்கு விவரம், அடுத்தவரின் வங்கித் தகவல் இருந்தால் அங்கே ஒட்டாதீர்கள். மற்றவர் நம்பிச் சொன்ன விவரம் அது. கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொற்களைக் குறிப்புச் செயலியில் எழுதி வைத்திருந்தால், இந்த மாற்றத்தோடு அவற்றை பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். குறிப்போடு குறிப்பாக அதுவும் நாலு இடத்துக்குப் பயணப்பட வேண்டாம்.

எல்லாம் ஏற்றியாயிற்று என்றதும் பழையதை அழிக்க அவசரப்படாதீர்கள். பழைய செயலியில் எத்தனை குறிப்பு, புதியதில் எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மிகப் பழைய குறிப்பு ஒன்று, படம் உள்ளது ஒன்று, அட்டவணை உள்ளது ஒன்று, நீளமானது ஒன்று எனத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உடைவது அட்டவணையும், ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்த இணைப்பும்தான். ஏற்றுமதி செய்த மூலக் கோப்புகளைத் தேதி போட்டு வெளி ஹார்ட்டிஸ்கில் ஒரு பிரதி, வேறொரு இடத்தில் ஒரு பிரதி என வையுங்கள். இரண்டு மூன்று மாதம் புதிய செயலியிலேயே அன்றாட வேலையைப் பார்த்து, பழையதைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றான பிறகு, அந்தக் கணினியை ஃபார்மேட்டுக்குக் கொண்டு வாருங்கள்.