மென்பொருள் போட்டுத் தரும் தன்னார்வலர்கள் என்ன எழுதி வாங்க வேண்டும்?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள், முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் ஒரு வழி. கோபியிலோ பல்லடத்திலோ ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு அதை இலவசமாக நிறுவித் தர நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி வரும்: கோப்புகள் அழிந்துபோனால் யார் பொறுப்பு?

“அதெல்லாம் எதுக்குங்க, நம்ம பசங்கதானே” என்பார் லேப்டாப்போடு வருகிறவர். பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவரின் டேலி மென்பொருளில் இருந்த வரவு செலவுக் கணக்கு காணாமல் போனால் அந்தப் பேச்சு மாறிவிடும். அதனால் எழுதி வாங்குவது நல்லது. ஆனால் எதை எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. பலரும் எழுதுகிற “எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன்” என்ற வரி அதன் 28-ஆம் பிரிவின்படி செல்லாது. வேண்டுமென்றே செய்த கேட்டுக்கும் மோசடிக்கும் எந்தக் கையெழுத்தும் காப்பாக நிற்காது. வாசகம் குழப்பமாக இருந்தால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும். ஆகவே “எதற்கும் பொறுப்பல்ல” என்று ஒரே வரியில் முடிக்காமல், என்ன போகக்கூடும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி:

“என் லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவ இவர்களுக்கு அனுமதி தருகிறேன். வன்வட்டில் உள்ள படங்கள், கணக்குகள், பழைய விண்டோஸ் எல்லாம் அழியக்கூடும் என்று எனக்கு விளக்கினார்கள். தேவையானவற்றை நகல் எடுத்துவிட்டேன். இலவசமாகக் கிடைக்கும் இந்த உதவிக்கு ஈடாக, அப்படி நேரும் இழப்புக்கு ஈடு கேட்கமாட்டேன்.”

இதில் முதல் வரியை விட்டுவிடாதீர்கள். உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினியைத் தொட்டு, தரவு கெட்டால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு ஈடு கட்டச் சொல்கிறது. “இலவசமாக” என்பதும் சும்மா இல்லை. காசு வாங்காத சேவை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. டீச்செலவுக்கு என்று ஆளுக்கு நூறு ரூபாய் வாங்க ஆரம்பித்தால் அந்த வாதம் ஆட்டம் காணும். இலவசம் என்றாலும், கவனக்குறைவுக்காகச் சிவில் வழக்குப் போட வழி இருக்கத்தான் செய்கிறது.

“வெச்சுட்டுப் போங்க, நாளைக்குத் தர்றோம்” என்று லேப்டாப்பை வாங்கி வைத்தால் நிலைமை வேறு. பொறுப்பான ஒரு சாதாரண மனிதர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. கீழே போட்டு உடைத்துவிட்டு மேலே உள்ள கடிதத்தை நீட்ட முடியாது. அது தரவு இழப்பைத்தான் பேசுகிறது. வாங்கும்போதே கீறல், உடைசல் இருந்தால் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பையன் லேப்டாப்போடு வந்தால் வயதைக் கேளுங்கள். 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போடட்டும். அப்புறம், திருட்டு மென்பொருள் கேட்டால் மறுத்துவிடுங்கள். எந்தக் கடிதமும் பதிப்புரிமைக் குற்றத்திலிருந்து காப்பாற்றாது.

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்த்து, வெளியாள் ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு நகலை லேப்டாப்புக்காரர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.