சீட்டைக் கிழிக்கும் நொதிகள்

பினாங்கு கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். ரொட்டி சானாய் போடும் அண்ணனின் தலைக்கு மேலே கம்பியில் ஆர்டர் சீட்டுகள் தொங்கும், ஒரு மேசைக்கு ரொட்டி போனதும் அந்தச் சீட்டைப் பிய்த்துக் கூடையில் போட்டுவிடுவார். பிய்க்க மறந்தால் அதே மேசைக்கே திரும்பத் திரும்ப ரொட்டி போகும், புதிதாக வந்தவர் காத்துக் கிடப்பார்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளும் இதேதான். டிஎன்ஏவைப் பார்த்து எழுதப்படும் தூது ஆர்என்ஏதான் சீட்டு, அதைப் படித்துப் புரதம் செய்யும் சமையல்காரர் ரைபோசோம். பெரும்பாலான சீட்டுகளின் ஆயுள் சில நிமிடங்கள்தான்.

கிழிப்பதில் முதல் கை ஆர்என்ஏஸ் ஈ என்ற நொதி. தூது ஆர்என்ஏவின் முன்முனையில் 3 பாஸ்பேட் இருக்கும், அது ஒரு மூடி மாதிரி. ஆர்பிபிஹெச் என்ற இன்னொரு நொதி அதில் இரண்டைக் கழற்றிவிட்டால், மிஞ்சிய ஒற்றைப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஆர்என்ஏஸ் ஈ உள்ளே மடிப்பில்லாத இடமாகப் பார்த்து வெட்டும். அப்புறம் பிஎன்பேஸ் என்ற மூன்றாவது நொதி வால்முனையிலிருந்து எழுத்து எழுத்தாகக் கடித்துக்கொண்டே வரும், கிடைத்த எழுத்துகள் அடுத்த சீட்டுக்கு உதவும். ஆர்என்ஏஸ் ஈ வெறும் குப்பை அள்ளும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், ரைபோசோமுக்கான ஆர்என்ஏவை அளவாக நறுக்கித் தருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் மரபணுவை முழுக்க எடுத்துவிட்டால் ஈ.கோலை பிழைக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது குளிர் விஷயம். சிஎஸ்பிஏ என்று ஒரு புரதம், குளிரில் ஆர்என்ஏ சிக்கிக்கொண்டு மடியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உடல் சூடான 37 டிகிரியில் அதற்கான சீட்டு அரை நிமிடம்கூடத் தாங்காது, எழுதிய வேகத்தில் வெட்டுப்படும். திடீரென்று 15 டிகிரிக்கு இறக்கினால் அதே சீட்டு பல நிமிடங்கள் நிற்கிறது, புரதம் குவிகிறது. புதிதாக ஒரு கட்டளையும் வேண்டியதில்லை, வெட்டு தாமதமானாலே போதும், இதை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

சரி, குளிர் பழகிவிட்டது, இனி? அந்தச் சீட்டுகளை பிஎன்பேஸ் தேடித் தின்று தீர்க்கிறது, மற்ற புரதங்களுக்கு வழி விடுகிறது. பிஎன்பேஸ் இல்லாத ஈ.கோலைக்குக் குளிர்ப் புரதம் தேவைக்கு மேல் குவிந்துகொண்டே போகும், 15 டிகிரியில் அதனால் சரியாக வளரவே முடிவதில்லை.