மஞ்ஞானா என்றால் நாளையா, காலையா?

சென்னையில் பன்னிரண்டு வருடமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இடையிடையே மொழிபெயர்ப்பு வேலையும் உண்டு. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், மாட்ரிட், மெக்சிகோ சிட்டி என்று தினமும் வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியவர்கள். எல்லோருக்கும் பயம் வினைச்சொற்களைப் பார்த்துத்தான். ஆனால் வேலையில் அடிபட்டு வந்து நிற்பது பெரும்பாலும் கிழமையிலும் மணியிலும். வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டுத் திருத்துவார். கிழமையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்த நேரத்தில் திருத்த ஆளே இருக்காது. அவர்கள் பாட்டுக்குக் கூட்டத்தில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

போன வருடம் ஒரு மாணவிக்கு இதுதான் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாட்ரிட்காரர் பேசி முடிக்கும்போது, "தென்த்ரோ தெ ஓச்சோ தியாஸ்" பேசலாம் என்றிருக்கிறார். எட்டு நாளில் என்று அர்த்தம். இவர் விரல்விட்டு எண்ணி அடுத்த வாரம் புதன்கிழமை என்று குறித்துக்கொண்டார். அவர்களோ செவ்வாய்க்கிழமையே காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்பானிஷ் பேச்சில் 'எட்டு நாள்' என்றால் ஒரு வாரம். இன்றையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு அது. 'கின்ஸே தியாஸ்', அதாவது பதினைந்து நாள், சரியாக இரண்டு வாரம். நமக்கும் இது புதிதல்ல. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி எட்டாம் நாள் திருவிழா என்றால் அடுத்த செவ்வாய்தானே? ஊரில் தெரிந்த கணக்கு ஆபீசில் மறந்துபோகிறது.

கிழமைப் பெயர்களில் நமக்குச் சிரமமே இல்லை. லூனெஸ் (திங்கள்) நிலாவின் நாள். லூனா என்றால் நிலா, நம் திங்களும் நிலாதான். மார்தெஸ் செவ்வாய், மியெர்கொலெஸ் புதன், ஹுவெவெஸ் வியாழன், வியெர்னெஸ் வெள்ளி. ரோமானியர்கள் வைத்த கோள்களும் நம் கோள்களும் அப்படியே ஒத்துப்போகின்றன. (எழுத்தில் 'வி' இருந்தாலும் வியெர்னெஸ் வாயில் 'பி' போலத்தான் வரும். கேட்டுக் குழம்ப வேண்டாம்.) கடைசி இரண்டில்தான் கோள்கள் காணாமல் போகின்றன. சாபதோ, அதாவது சனி, யூதர்களின் ஓய்வுநாள் பெயரிலிருந்து வந்தது. தொமிங்கோ, ஞாயிறு, லத்தீனில் 'ஆண்டவரின் நாள்'. செவ்வாயில் கல்யாணமும் வேண்டாம், கப்பலும் ஏற வேண்டாம் என்று ஸ்பானிஷில் ஒரு பழமொழி உண்டு. செவ்வாயன்று 13ஆம் தேதி வந்தால் கேட்கவே வேண்டாம். இதை வகுப்பில் சொன்னால் எல்லோருக்கும் அவரவர் பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது பெயருக்கு முன்னால் வருகிற சின்னச் சொல். 'எல் லூனெஸ்' என்றால் திங்களன்று, ஒரே ஒரு திங்கள். 'லோஸ் லூனெஸ்' என்றால் திங்கள்தோறும். லூனெஸ் என்ற சொல் இரண்டிலும் மாறுவதே இல்லை. மின்னஞ்சலில் 'லோஸ்' என்பதைக் கவனிக்காமல், வாராவாரம் நடக்கிற கூட்டத்தை ஒரு நாள் கூட்டம் என்று நினைத்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. இன்னொன்று, ஸ்பெயின் காலண்டர் திங்களில் தொடங்கும், ஞாயிற்றில் அல்ல. கட்டங்களின் மேல் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். செவ்வாய்க்கும் புதனுக்கும் எம் என்றே வருவதால் புதனுக்கு எக்ஸ் போடுவார்கள். எக்ஸைப் பார்த்து விடுமுறை என்று நினைத்த ஒருவரையும் எனக்குத் தெரியும்.

சரி, தலைப்புக்கு வருவோம். மஞ்ஞானா என்றால் நாளை என்றும் பொருள், காலை என்றும் பொருள். முன்னால் 'லா' வந்தால் காலை. தனியாக வந்தால் பெரும்பாலும் நாளை. 'மஞ்ஞானா போர் லா மஞ்ஞானா' என்றால் நாளைக் காலை. கேட்கத் தமாஷாக இருந்தாலும் அதில் குழப்பமே இல்லை. குழப்பம் 'தார்தெ'யில்தான். பாடப்புத்தகம் பிற்பகல் என்று போட்டுவிடும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்கு. அது முடிந்தால்தான் பலருக்கும் தார்தெ தொடங்கும், இருட்டும்வரை ஓடும். ஜூன் மாதம் மாட்ரிட்டில் சூரியன் மறையவே இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். ஸ்பெயின் இருக்கிற இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி பெர்லின் நேரத்துக்கு மாற்றியது, அப்படியே நின்றுவிட்டது. கோடையில் கடிகாரம் இன்னும் ஒரு மணி முன்னே போகும். அதனால் எட்டரை மணிக்கும் 'புவேனாஸ் தார்தெஸ்' என்றுதான் வணக்கம் சொல்வார்கள். 'தார்தெயில் கூப்பிடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அது நாலு மணியாகவும் இருக்கலாம், ஏழு மணியாகவும் இருக்கலாம். மணி எத்தனை என்று கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது என் தப்பு. மாட்ரிட்டிலிருந்து ஒரு விருந்தினர் சென்னைக்கு வருகிறார். மின்னஞ்சலில் சனிக்கிழமை, 'லாஸ் தோஸ் தெ லா மாத்ருகாதா' என்று இருந்தது. மாத்ருகாதா என்றால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம். நான் டிரைவருக்குப் போன் செய்து, "சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி ஃப்ளைட்ணே" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்றார். நமக்கு விடிந்தால்தானே மறுநாள்? அவர் சனிக்கிழமை தூங்காமல் இருந்து, ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு பெயர்ப் பலகையோடு போய் நின்றார். விருந்தினரோ அதற்கு இருபத்துநாலு மணி நேரம் முன்பே இறங்கி, ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, டாக்சி பிடித்து ஹோட்டலுக்குப் போய்விட்டார். டிரைவர் அண்ணன் மேல் தப்பே இல்லை. இப்போதெல்லாம் "வெள்ளி முடிஞ்சு சனி பிறக்கிற ராத்திரி" என்று சொல்லி, தேதியையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அதே இரண்டு மணியை 'தெ லா மஞ்ஞானா' என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைக் காலை என்று மொழிபெயர்த்தால் இன்னும் கெட்டது.

மணி சொல்வதில் கால், அரை வரை நம் வழிதான். 'தோஸ் இ குவார்தோ' இரண்டே கால், 'தோஸ் இ மேதியா' இரண்டரை. முக்காலில்தான் பாதை பிரிகிறது. இரண்டே முக்காலை 'த்ரெஸ் மேனோஸ் குவார்தோ' என்பார்கள், மூன்றுக்குக் கால் குறைவு. காதில் முதலில் விழுவது மூன்று, கடைசியில் விழுவது கால். நடுவில் இருக்கிற மேனோஸ் நழுவிவிட்டால் நோட்டில் மூன்றே கால் ஏறிவிடும். அரை மணி நேரம் போச்சு. மெக்சிகோவில் அதையே 'குவார்தோ பாரா லாஸ் த்ரெஸ்' என்பார்கள். சந்தேகம் இருந்தால், 'தோஸ் குவாரெந்தா இ சிங்கோ' என்று இரண்டு நாற்பத்தைந்தை எண்ணாகவே திருப்பிச் சொல்லுங்கள்.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் ஸ்பெயினில் கடிகாரம் மாறும். குளிர்காலத்தில் நமக்கும் மாட்ரிட்டுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரி தீவுகளில் கடிகாரம் எப்போதும் மாட்ரிட்டைவிட ஒரு மணி பின்னால் இருக்கும். மெக்சிகோ 2022இல் பெரும்பாலான இடங்களில் இந்த மாற்றத்தையே நிறுத்திவிட்டது. எனவே அழைப்பிதழில் கிழமை, தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், எந்த ஊர் நேரம் என்று நான்கையும் எழுதச் சொல்கிறேன். ஸ்பெயினில் ரயில் அட்டவணையெல்லாம் 24 மணிக் கணக்குதான், அவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியாது.

மெக்சிகோக்காரர் 'அஓரீதா' என்று சொன்னால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அகராதியில் அதற்கு 'இப்பவே' என்று இருக்கும். நடைமுறையில் அது, ஆட்டோக்காரர் போனில் "இதோ தெருமுனைல இருக்கேன்" என்று சொல்கிற நேரம்.