பாஸ்கா: ஒரு சொல், இரண்டு அப்பங்கள்

'பாஸ்கா' என்றதும் தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் பலருக்கும் இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகமே நினைவுக்கு வருகிறது. இச்சொல்லைத் தமிழில் எப்படி வழங்குவது, பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று பார்க்குமுன் அதன் வேரை அறிய வேண்டும். அந்த வேரில் துன்பம் இல்லை. 'பெசாக்' என்னும் எபிரேயச் சொல் கடந்துபோதலைக் குறிப்பது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலரின் வீட்டு நிலைக்கால்களில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்டிருந்ததால், சாவு அவ்வீடுகளைத் தொடாமல் கடந்துபோன இரவே அதன் பொருள். அரமேயத்தில் 'பஸ்ஹா' என்றாகி, கிரேக்கத்தில் 'பாஸ்கா' என நிலைபெற்று, இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. கிரேக்கத்தில் துன்புறுதலைக் குறிக்கும் 'பாஸ்கெய்ன்' என்ற வினை ஒலியால் இதனை நெருங்கி நிற்பதால், 2ஆம் நூற்றாண்டிலேயே சர்தை நகர ஆயர் மெலித்தோ இரண்டையும் இணைத்துப் பொருள் கூறினார். உருக்கமான விளக்கம் அது. எனினும் சொற்பிறப்பு ஆகாது.

அரமேயத்தின் கிளையான சிரியாக் மொழியில் வழிபட்டு வந்த கேரள நஸ்ரானிக் கிறிஸ்தவரிடம் இச்சொல் 'பெசஹா' என வழங்குகிறது. இயேசுவின் இறுதி இராவுணவை நினைவுகூரும் பெரிய வியாழனன்று அவர்கள் அரிசிமாவோடு உளுந்தும் தேங்காயும் அரைத்துச் சேர்த்து, புளிக்க விடாமல், ஆவியில் வேகவைத்துப் பெசஹா அப்பம் செய்கிறார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹாப் பால் உடன் இருக்கும். குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கிள்ளிச் சிறு சிலுவையாக்கி மாவின்மேல் வைப்பது வழக்கம். அந்த வேலையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பேன். ஓலையை வைக்கும் பிள்ளை, இட்லி மாவை மட்டும் இரவெல்லாம் புளிக்க வைக்கிறோமே, இதை ஏன் உடனே வேகவைக்கிறோம் என்று கேட்கும். மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றி, பிசைந்ததைத் துணியில் கட்டித் தோளில் சுமந்து விடுதலைக்குப் புறப்பட்ட மக்களின் கதையை அப்போதே சொல்லலாம். பிள்ளைகள் இவ்வழிபாட்டின் பொருளைக் கேட்டால் விடை சொல்லும்படி விவிலியத்தின் விடுதலைப் பயண நூலே (12:26) பெற்றோரைப் பணிக்கிறது.

உக்ரைனிலோ இதே சொல் ரொட்டிக்கே பெயராகிவிட்டது. அங்கே 'பாஸ்கா' என்பது, தவக்காலம் முழுவதும் விலக்கி வைத்த முட்டையையும் வெண்ணெயையும் தாராளமாகச் சேர்த்து, ஈஸ்ட் இட்டுப் பொங்க வைத்து, உயரமாகச் சுட்டெடுக்கும் இனிப்பு ரொட்டி. பொங்கிய மாவு அமுங்கிவிடக் கூடாதென்று கதவை ஓங்கிச் சாத்தாமல், குரலை உயர்த்தாமல் வீடே அடங்கியிருப்பது பழைய வழக்கம். சுட்ட ரொட்டியைச் சாயமிட்ட முட்டைகளோடு கூடையில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துச் சென்று மந்திரித்து வாங்குகிறார்கள். ஒரே சொல் கேரளத்தில் புளியாத அப்பத்துக்கும் உக்ரைனில் பொங்கி உயர்ந்த ரொட்டிக்கும் உரியதாயிற்று. முன்னது வியாழனின் இராவுணவு, பின்னது ஞாயிற்றின் உயிர்த்தெழுதல்.

ஆகவே தமிழிலும் ஒரே சொல் வியாழன், ஞாயிறு இரண்டுக்கும் போதாது. 'கடத்தல்' இலக்கணப்படி பொருந்தினாலும் இன்று அது வேறு பொருளிலேயே ஊன்றிவிட்டது. சீர்திருத்தச் சபையினரின் விவிலியத்தில் 'பஸ்கா' எனவும் கத்தோலிக்கரிடம் 'பாஸ்கா' எனவும் வேரூன்றிய சொல்லை வியாழனுக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் 'கடந்துபோதல்' என்று பொருள் சொல்வதே முறை. ஈஸ்டர் ஞாயிற்றுக்கு 'உயிர்ப்புப் பெருவிழா' என்பதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்பதே பழம்பொருள். 'நாகம் உயிர்ப்பக் கெடும்' என்னும் குறளிலும் (763), பெருமூச்சைக் குறிக்கும் 'நெட்டுயிர்ப்பு' என்னும் சொல்லிலும் அப்பொருளைக் காணலாம். ஈஸ்ட் இட்டு மூடி வைத்த மாவைத் திறந்து, பிள்ளையின் விரலால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். குழி விழும், பிறகு உள்ளிருக்கும் காற்று தள்ள, அது மெதுவாக மேலெழும். உயிர்ப்பு என்ற சொல்லை அந்த நேரத்தில் சொல்லிக் கொடுங்கள்.